ஐந்து அங்குல தூரத்தில்

துரைக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது என்ற செய்தி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாரிஸின் போட்டோ ஸ்டூடியோ படியேறி வந்தது. கொண்டு வந்தவர் துரையின் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கம்பெனிக் கிராணி பழனியப்பன். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிரமாதம்னு சொல்லிட்டாரு துரை. இவ்வளவு தெளிவா ஒரு படத்த பார்த்ததே இல்லையாம். இனிமே கம்பெனி வேல எல்லாம் உனக்குத்தான் லா."

மாரிஸுக்கு உச்சி குளிர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. கல்யாணம், முதல் நற்கருணை, செத்த வீடு என்று அவன் எடுக்காத படம் இல்லை. குறை சொன்னவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வான். பிரமாதம் என்று சொன்னவர் பெயர் ஒன்றுகூட அவன் ஞாபகத்தில் இல்லை. அவன் உள்ளே எட்டிப் பார்த்து, "சாந்தா, கிராணிக்கு ஒரு கோப்பி போடு" என்று குரல் கொடுத்தான். அந்தக் குரலிலேயே ஒரு மிதப்பு வந்துவிட்டது.

"அந்தக் கேட்டுக்காரன் கத முடிஞ்சுச்சு" என்றார் பழனியப்பன்.

"என்ன முடிஞ்சுச்சு?"

"வியாழக்கிழம விசாரணல. உன் படத்த மேசையில வச்சா போதும், வேற சாட்சியே வேணாங்குறாரு. உட்கார்ந்த எடத்துலேருந்தே ரயில் திரும்பி வர்ற மூலையும் தெரியுது, ரோடும் தெரியுது. தலையத் திருப்பக்கூட வேணாம். மூலையும் எங்கயோ தூரத்துல இருக்கு, கேட்ட மூடத் தாராளமா நேரம் இருக்கு. அப்புறம் எப்படிப் பார்க்கலன்னு சொல்லுவான்? வேல போச்சு, வீடு போச்சு. அன்னிக்கே போலீசுல ஒப்படைச்சிருவாங்க. ஒரு உசிரு போயிருக்குல்ல?"

கோப்பி வந்தது. கிராணி ஊதி ஊதிக் குடித்தார்.

நடந்தது இதுதான். கிள்ளானுக்கு அப்பால் கம்பெனிக்கு ஆல்டர்டன் என்றொரு ரப்பர் தோட்டம். தோட்டத்திலிருந்து ஆற்றங்கரைக்கு ரப்பர் பெட்டிகளைக் கொண்டுபோக ஒரு குட்டி ரயில், அதற்குச் சொந்தமாக ஒரு தண்டவாளம். அது கிள்ளான் ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட், கேட்டுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசை ஒன்று. அதில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து காவல் காப்பவன் அய்யாவு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கேட் திறந்தே இருந்தது. விறகு விற்றுவிட்டுத் திரும்பிய தம்புசாமியின் மாட்டு வண்டி தண்டவாளத்தில் ஏறியபோது எஞ்சின் வந்து அடித்தது. தம்புசாமி அங்கேயே போய்விட்டான். எஞ்சின் ஊதவே இல்லை என்றான் அய்யாவு. ஊதினேன் என்றான் டிரைவர். ஊதினானோ இல்லையோ, கேட்டுக்காரனுக்குக் கண் எங்கே போனது என்று கேட்டார் துரை. அதைக் காட்டுவதற்குத்தான், கேட் கீப்பர் உட்காரும் இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து வரும்படி மாரிஸுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவனும் போய் எடுத்தான். எடுத்ததுதான் எடுத்தான், ஐந்து அங்குல லென்ஸில் எடுத்தான். அங்கேதான் வினை.

அந்த லென்ஸை அவன் வாங்கியதே ஒரு முழங்கையால். யாருடைய முழங்கை என்று கேட்டால் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் சொல்வார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கல்யாணம். இடமோ ஒரு முழச் சந்து. பின்னால் போகப் போகச் சாக்கடை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓரத்தில் நின்றார். படத்தில் அவர் முழங்கை வெட்டுப்பட்டுப் போனது. நம் ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் செய்யலாம், படத்தில் ஒருவரை வெட்டக்கூடாது. கையை வெட்டினால் கைக்கு ஆகாது, காலை வெட்டினால் ஆயுளுக்கு ஆகாது. தாய்மாமன் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். மறுபடி பெண்ணுக்குப் புடவை கட்டி, மாலை வாங்கி, அத்தனை பேரையும் நிறுத்தி மாரிஸ் தன் செலவில் இரண்டாம் முறை எடுத்தான். மறுநாளே போய் ஒரு சீனர் கடையில் அந்தப் பழைய ஜெர்மன் லென்ஸை வாங்கிவிட்டான். அன்றிலிருந்து அவன் படத்தில் யாருக்கும் ஒரு நகம்கூட வெட்டுப்பட்டதில்லை.

ஆல்டர்டன் குடிசையிலும் அதே பழக்கம். போதாததற்கு அய்யாவு வேறு பக்கத்தில் நின்று, "அண்ணே, எல்லாம் விழணும்ணே. கேட்டுக்கு நான்தான் பெயின்ட் அடிச்சேன். அந்தக் கொய்யா மரமும் நான் வச்சதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுடைய ஆடு ஒன்று கிள்ளான் ரோட்டின் ஓரத்தில் போய் நின்றது. மாரிஸ் அதன் வாலைக்கூட விடவில்லை. வலக்கோடியில் ரயில் வரும் மூலை, இடக்கோடியில் ரோடும் ஆடும், நடுவில் கேட்டும் கொய்யாவும். எல்லாம் விழுந்தது.

கிராணி போனபின் தன்னிடமிருந்த இன்னொரு பிரதியை மேசைமேல் போட்டுக்கொண்டு அவன் தலையில் கையை வைத்து உட்கார்ந்தான். கோப்பையை எடுக்க வந்த அவன் மனைவி சாந்தமேரி படத்தைப் பார்த்து நின்றாள். எதையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறவள் அவள்.

"ஒரே பார்வையில இவ்வளவும் தெரியுமாங்க?"

"படத்துல தெரியுதே."

அவள் கிராணி உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்தாள். "நான் இங்கேருந்து கதவப் பார்த்தா அந்தப் பக்கத்து ஜன்னல்ல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்ல வரல."

"உனக்கு வராது. லென்ஸுக்கு வரும்."

"லென்ஸா அங்க உட்கார்ந்து கேட்டு மூடுச்சு?" என்றாள் சாந்தமேரி.

மாரிஸ் படத்தைக் கவிழ்த்து வைத்தான். அவன் பொய் சொல்லவில்லை. ஒன்றைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாரையும் வெட்டக்கூடாது என்று எடுத்த படம் ஒருவனுடைய கழுத்தை வெட்டப்போகிறது. அந்த அய்யாவோடு ஒரே நாள் பழக்கம்தான். இளநீர் வெட்டிக் கொடுத்தான், ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தான். அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஒரு நாளை மாரிஸால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"துரைகிட்டப் போய் என் படம் தப்புன்னு சொன்னா, அவர் என்ன சொல்வாரு தெரியுமா?"

"என்ன சொன்னாலும் சொல்லட்டும். ஏங்க, அவனுக்கு ரெண்டு புள்ளைங்கன்னுதான சொன்னீங்க?"

புதன்கிழமை முதல் ரயிலில் மாரிஸ் கிள்ளானுக்குக் கிளம்பினான். கேமராவும் முக்காலியும் ஒரு கையில், மூன்று லென்ஸும் ஆறு கண்ணாடிப் பிளேட்டும் இருந்த பெட்டி இன்னொரு கையில். பழைய படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் வெளிச்சம் போகும், வெளிச்சம் போனால் எல்லாம் போகும். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்க நிற்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அய்யாவு அவனைக் கண்டதும் ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். "வாங்கண்ணே! உங்க படத்த துரை பார்த்துட்டாராம்ல? கிராணி சொன்னாரு. எனக்கு இப்பத்தான் மூச்சு வந்துச்சு. உங்க படம்தான் என்னக் காப்பாத்தணும்."

இதற்கு மாரிஸ் என்ன சொல்வான்? குடிசைக்குப் பின்னால் இருந்த கம்பெனி வீட்டு வாசலில் அய்யாவின் மனைவி லெட்சுமி சட்டிப் பானைகளைக் கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிராணியின் பேச்சில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. மாரிஸ் அவளையும் பார்த்தான், அய்யாவையும் பார்த்தான், பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டான்.

அய்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"நான்தானேண்ணே எல்லாம் விழணும்னு சொன்னேன்?"

"நீ சொல்லலன்னாலும் நான் அப்படித்தான் எடுத்திருப்பேன். எந்திரி. பெட்டிக்குள்ள லென்ஸ் இருக்கு."

குடிசைக்குள் முக்காலியை விரிக்க இடமில்லை. அய்யாவு உட்காரும் பலகையின்மேல் இரண்டு செங்கல்லை வைத்து, அவன் கண் இருக்கும் உயரத்துக்குக் கேமராவைத் தூக்கி வைத்தார்கள். முதலில் பன்னிரண்டு அங்குல லென்ஸ். மாரிஸ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். கேட்டின் நடுக்கட்டை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மூலையும் இல்லை, ரோடும் இல்லை. அடுத்தது எட்டரை. கேட் முழுசாக வந்தது, கொய்யா மரமும் வந்தது. ரயில் மூலை வரவில்லை, ஆடு நின்ற இடம் வரவில்லை. கடைசியில் ஐந்து. பழையபடி எல்லாம் ஓடிவந்து உள்ளே நின்றுகொண்டன. லென்ஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலமோ அதுதான் லென்ஸின் எண். எண் குறையக் குறைய அதன் வாய் அகலும். அதே பிளேட்டில் உலகத்தை இன்னும் இன்னும் அடைக்கும். அடைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சின்னதாக்கித்தானே ஆக வேண்டும்? ஒன்பது வருஷமாக மாரிஸுக்குத் தெரிந்த விஷயம்தான். தாய்மாமன்களை அடைப்பதற்குத்தான் அதைத் தெரிந்து வைத்திருந்தான்.

மூன்று பிளேட்டையும் எடுத்து முடித்தபோது முதல் தூறல் விழுந்தது. "அன்னிக்கு நீ எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்த?" என்று மாரிஸ் கேட்டான்.

"ரோட்டுப் பக்கம். தம்புசாமி வண்டி வந்துச்சுண்ணே. அதப் பார்த்துட்டு..." என்ற அய்யாவு அதோடு நிறுத்திக்கொண்டான். கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மாரிஸும் மேலே கேட்கவில்லை. மழைக்கு முன்னால் பிளேட்டுகளை மூட வேண்டிய அவசரம் அவனுக்கு.

கிளம்புமுன் கேமரா இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்து பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து பழைய படத்தை எடுத்து எதிரே நீட்டிப் பிடித்தான். படத்தில் கேட் தீப்பெட்டி அளவு, நிஜத்தில் ஆளுயரம். கையை மடக்கிக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தான். கேட் வளர்ந்தது. இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட. படத்துக் கேட் நிஜக் கேட்டை அப்படியே மறைத்தபோது காகிதம் மூக்கில் இடிக்காத குறை. கட்டை விரலால் அந்தத் தூரத்தை அளந்தான். ஐந்து அங்குலம்.

'அட' என்று ஒரு கணம் நினைத்தான். அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை. ஆற்றங்கரையோரம் இருந்த கம்பெனி ஆபீசின் மாடி வராந்தாவில் அய்யாவும் லெட்சுமியும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லெட்சுமியின் காலடியில் அந்தக் கோணி மூட்டை இருந்தது. வெறுங்கையோடு வீட்டைவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை. கீழே நிழலில் இரண்டு போலீஸ்காரர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தற்செயலாக வந்தவர்களாக இருக்கலாம். மாரிஸுக்கு அப்படித் தோன்றவில்லை.

ராத்திரி ஸ்டூடியோவில் கழுவிப் போட்ட மூன்று படங்களின் ஓரமும் இன்னும் ஈரமாக இருந்தது. பழனியப்பன் கதவருகிலேயே அவனை மறித்தார்.

"உன்ன யாரு வரச்சொன்னது?"

"துரைகிட்ட ரெண்டு வார்த்த சொல்லணும்."

"பைத்தியமா உனக்கு? படம் எடுக்கிறதோட உன் வேல முடிஞ்சுச்சு. வக்கீல் வேல உனக்கு எதுக்கு? போ, அடுத்த மாசம் பெரிய துரை வர்றாரு, அந்தப் படமும் உனக்குத்தான்."

மாரிஸுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. கால் நிஜமாகவே ஒரு படி இறங்கியது. அதற்குள் உள்ளேயிருந்து துரையின் குரல் வந்தது: "யாரு அங்க?"

துரை முப்பது வருஷம் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்துத் தமிழ் அத்தனையும் தெரியும், மரியாதை மட்டும் அதில் இருக்காது. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் இரண்டும் புள்ளிகளாகத் தெரிந்தன. மேசைமேல் நடுநாயகமாக மாரிஸின் படம்.

"போட்டோக்காரன் தானே நீ? நல்ல படம். எதுக்கு வந்தே?"

மாரிஸ் மூன்று படங்களையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தான்.

"ஒரே எடம் துரை. அதே பலகை. லென்ஸ் மட்டும் வேற. இது பன்னண்டு இஞ்சு. இதுல மூலையும் தெரியாது, ரோடும் தெரியாது. இது எட்டரை. இதுலயும் ரெண்டும் தெரியாது. அஞ்சு இஞ்சுல மட்டும்தான் எல்லாம் தெரியும். மனுசன் கண்ணு அந்த மாதிரி..."

"நிறுத்து." துரை மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்தது. "ஒரு எடம், மூணு படம், மூணு விதம். போன வாரம் எல்லாம் தெரிஞ்சுது. இந்த வாரம் ரெண்டுல ஒண்ணும் தெரியல. அப்போ போட்டோ பொய் சொல்லுது. இல்லாட்டி நீ பொய் சொல்லுது. எது நெசம்? சொல்லு. இவன் உனக்குச் சொந்தமா?"

"இல்ல துரை."

"காசு குடுத்தானா?"

"சத்தியமா இல்ல துரை."

பழனியப்பன் கூரையைப் பார்த்தார். அய்யாவு யாரையும் பார்க்கவில்லை. பன்னிரண்டுதான் நிஜம் என்று சொன்னால், ஆளுக்கு வேண்டிய லென்ஸைப் பொறுக்கி எடுத்தாய் என்பார். ஐந்துதான் நிஜம் என்றால் அய்யாவு அந்தப் போலீஸ்காரர்களோடு போவான். இரண்டுக்கும் நடுவில் மாரிஸ் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். வாயைத் திறந்து காரியத்தை இன்னும் கெடுத்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ரிப்போர்ட்டு எங்க?" என்றார் துரை, விஷயம் முடிந்தது என்கிற மாதிரி. கிராணி ஒரு காகிதத்தை நீட்டினார். டைப் அடித்த பொடி எழுத்து. துரை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காகிதத்தை மூக்குக்கு முன்னால், முகம் மறையும்படி பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

மாரிஸ் அதைப் பார்த்தான். காகிதத்துக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்தான். கட்டை விரலால் நேற்று அளந்த அதே தூரம்.

"துரை!" குரல் அவனுக்கே அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டது. "மூணும் நெசந்தான் துரை. புடிக்கிற தூரம்தான் தப்பு. பன்னண்டு இஞ்சுப் படத்த பன்னண்டு இஞ்சுல புடிச்சுப் பார்க்கணும். அஞ்சு இஞ்சுப் படத்த அஞ்சு இஞ்சுல. அப்பத்தான் அந்தப் பலகையில உட்கார்ந்தவன் பார்த்த மாதிரி இருக்கும். என் பழைய படத்தையே எடுங்க. ரிப்போர்ட்ட எப்படிப் புடிச்சீங்களோ அப்படிப் புடிங்க."

துரை என்ன நினைத்தாரோ, ரிப்போர்ட்டை வைத்துவிட்டுப் படத்தை எடுத்தார். மூக்குக்கு முன்னால் பிடித்தார். தூரத்தில் கடுகாகக் கிடந்த மூலை சட்டென்று கிட்ட வந்து நின்றிருக்க வேண்டும்; அவர் தலை தன்னையறியாமல் ஓர் அங்குலம் பின்னால் போனது.

"மூலையப் பாருங்க துரை. ரயில் வர்ற மூலை. பார்த்துட்டே இருங்க. கண்ண எடுக்காதீங்க."

"பார்க்குறேன்."

"ரோட்டுல ஒரு ஆடு நிக்குது. அது எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?"

துரை வாயைத் திறந்தார், மூடினார். புருவம் நெறிந்தது. பிறகு அவர் முகம் மெதுவாக வலமிருந்து இடமாக நகர்ந்தது.

"திரும்பிட்டீங்க துரை" என்றான் மாரிஸ். "இப்ப ரயில் வந்தா உங்களுக்குத் தெரியாது."

துரை படத்தைக் கீழே வைக்கவில்லை. மூலையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். ஒரு தடவை வேண்டுமென்றே முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தார். காகிதத்தின் ஓரம்தான் கலங்கலாகத் தெரிந்திருக்கும். கடைசியில் அதை மேசையில் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆடு கேட்ட பார்த்து நிக்குது" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு கிராணியிடம், "டிரைவரக் கூப்பிடு. ஊதினானா இல்லையான்னு நான் கேக்குறேன். அந்த எடத்துக்கு ரெண்டு ஆள் போடணும்னு எழுது." அய்யாவைப் பார்த்தார். "நீ வேலைக்குப் போ. போலீசு இல்ல."

லெட்சுமி அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பழனியப்பன் மாரிஸைக் கடந்து போகும்போது, "அடுத்த மாசப் படத்துக்கு வேற ஆளப் பார்த்துக்கிறோம்" என்று காதில் போட்டுவிட்டுப் போனார். போனால் போகட்டும் என்று மாரிஸுக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் சாந்தமேரியிடம் எங்கிருந்து ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்று இப்போதே மனசுக்குள் ஒத்திகை ஓடியது.

கீழே, கடைகளுக்கு முன்னால் போகிற அஞ்சடி நடைபாதையில் மூவரும் இறங்கி நின்றார்கள். போலீஸ்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். லெட்சுமி தண்ணீர் குடிக்க எதிர்க்கடைக்குப் போனாள்.

"அண்ணே, அந்தப் படம் ஒண்ணு குடுங்கண்ணே" என்றான் அய்யாவு.

"எது? பன்னண்டா? கேட்டு பெருசா, உன் பெயின்டெல்லாம் பளிச்சுனு விழுந்திருக்கு."

"இல்லண்ணே. அஞ்சு."

மாரிஸ் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். அய்யாவு அதை இரண்டு கையாலும் வாங்கி, துரை பிடித்த மாதிரியே முகத்துக்கு நேராகக் கொண்டுபோனான். துரைக்கு இருப்பது போன்ற கிட்டப்பார்வை அவனுக்கு இல்லை. அவ்வளவு அருகில் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

"அன்னிக்குத் தம்புசாமி மகளுக்கு வளையல் வாங்கியிருந்தான்ணே. கிள்ளான் பாசார்ல. வண்டியில உட்கார்ந்துக்கிட்டே எனக்குத் தூக்கித் தூக்கிக் காட்டினான். சிரிச்சுக்கிட்டே வந்தான். நானும் சிரிச்சேன். வா வான்னு கை காட்டினேன். அவனையேதான் பார்த்துட்டு இருந்தேன்."

மாரிஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத நான் துரைகிட்ட சொல்லல. லெட்சுமிகிட்டக்கூடச் சொல்லல."

"சொல்ல வேணாம் அய்யாவு. அதான் முடிஞ்சு போச்சே. நீ மூலையப் பார்த்திருக்க முடியாதுன்னு துரையே ஒத்துக்கிட்டாரு."

அய்யாவு படத்தை முகத்திலிருந்து எடுக்காமலே அதிலிருந்த ரோட்டுப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து மூலைப் பக்கம் திரும்பினான். மறுபடி ரோடு, மறுபடி மூலை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாரிஸ் படத்தைப் பிடித்து வாங்கப் பார்த்தான். அவன் விடவில்லை.

"இங்கேருந்து இங்க திரும்பணும். அவ்வளவுதானண்ணே?" என்றான். "பாருங்க. எவ்வளவு நேரம் ஆகுது?"

அவன் இன்னொரு தடவை திரும்பிக் காட்டினான். நேரமே ஆகவில்லை.